புள்ளியும் கொமாவும் இடம்மாறினால்: கணனிக் கணக்கில் வரும் பிழைகளும் திருத்தும் வழிகளும்

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் பட்டியல் என்பது புதிய விடயமல்ல. முகாமில் பதிவதற்கு ஒரு பட்டியல், நிவாரண அரிசிக்கு ஒரு பட்டியல், மீள்குடியேற்றத்துக்கு ஒரு பட்டியல், விட்டுவந்த காணிக்கு இன்னொரு பட்டியல் என்று எமது மக்களின் பெயர்கள் எத்தனையோ தாள்களில் எழுதப்பட்டுவிட்டன. முன்னர் இவை கொப்பிகளில் எழுதப்பட்டன. இன்று கணனியில், எக்செல் தாளில் எழுதப்படுகின்றன.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் எம்மவர்கள் பலர் தமது ஊர்ச் சங்கத்தின் கணக்கை இப்படித்தான் வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் இருக்கும் உறவினர் பணம் தந்தவர்களின் விபரத்தை அனுப்புவார். சுவிற்சர்லாந்தில் இருந்து இன்னொரு பட்டியல் வரும். ஊரில் இருப்பவர் காணி விபரத்தை வட்ஸ்அப்பில் எழுதி அனுப்புவார். எல்லாவற்றையும் ஒரே தாளில் சேர்த்துக் கூட்டும்போது கணக்கு உதைக்கும். சிலவேளை திரையில் பிழைச் செய்தி வரும். சிலவேளை செய்தி எதுவும் வராமலே தொகை பிழையாக இருக்கும். அப்போது முதலில் சந்தேகத்துக்கு உள்ளாகுபவர் சங்கத்தின் பொருளாளர். இரண்டாவதாகத் திட்டு வாங்குபவர் பட்டியலைத் தட்டச்சுச் செய்த பிள்ளை.

உண்மையில் இருவரிடமும் பிழை இல்லாமல் இருக்கலாம். கணனிக்குள் "பிரதேச அமைப்பு" என்று ஒன்று உண்டு. அது எந்த நாட்டு வழக்கப்படி எண்ணையும் திகதியையும் வாசிப்பது என்று கணனிக்குச் சொல்லும் ஏற்பாடு. அனுப்பியவரின் கணனியும் பெற்றவரின் கணனியும் இரண்டு நாட்டு வழக்கத்தில் இருந்தால், ஒருவர் எழுதியதை மற்றவர் வேறு பொருளில் வாசிப்பார். இந்தப் பிழையை எப்படி இனங்காண்பது, எப்படித் திருத்துவது, எப்படி வராமல் தடுப்பது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். கணனிக் கட்டளைகள் திரையில் ஆங்கில எழுத்தில் இருக்கும். வாசிப்பவர் வசதிக்காக இங்கே அவற்றின் ஒலியைத் தமிழில் தந்திருக்கிறோம்.

ஒரே தொகை, நான்கு எழுத்து முறைகள்

ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபாய் எழுபத்தைந்து சதத்தை நாம் எப்படி எழுதுவோம்? உலகில் இதற்குப் பல வழக்கங்கள் உண்டு.

இலங்கை, பிரித்தானியா, ஐக்கிய அமெரிக்கா: 1,250.75
ஜெர்மனி: 1.250,75
பிரான்ஸ், நோர்வே: 1 250,75
சுவிற்சர்லாந்தின் ஜெர்மன் மொழிப் பகுதி: 1’250.75

தசமத்துக்குப் புள்ளியா கொமாவா என்பதில் உலகம் ஒருபோதும் ஒரே முடிவுக்கு வரவில்லை. ஆங்கிலேயர் ஆண்ட நாடுகளில் பெரும்பாலும் புள்ளி நிலைத்தது. ஐரோப்பாவின் பெரும் பகுதியில் கொமா நிலைத்தது. 2003 ஆம் ஆண்டு நிறை அளவைகளுக்கான சர்வதேசப் பொது மாநாடு கூடியபோதும், தசமக் குறியாகப் புள்ளி அல்லது கொமா இரண்டில் எதையும் பயன்படுத்தலாம் என்றே தீர்மானித்தது. ஆகவே இதில் யாரும் பிழையாக எழுதுவதில்லை. வழக்கங்கள்தான் வேறு.

இதன் விளைவைப் பாருங்கள். ஜெர்மனியில் உள்ளவர் ஆயிரத்து இருநூற்றைம்பது யூரோ சேர்த்து, 1.250 என்று எழுதி அனுப்புகிறார். நீங்கள் அதை அப்படியே பிரதி எடுத்து உங்கள் தாளில் ஒட்டுகிறீர்கள். எமது வழக்கத்தில் இருக்கும் கணனி அதனை ஒன்றேகால் யூரோ என்று வாசிக்கும். ஒரு யூரோ 300 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். வரவேண்டிய தொகை 375,000 ரூபாய். திரையில் தெரிவதோ 375 ரூபாய்.

மறுபுறமும் இதே கதைதான். ஊரில் ஒருவருக்கு 2.5 ஏக்கர் காணி இருக்கிறது. இதை ஜெர்மனி அமைப்பில் உள்ள கணனியில் தட்டச்சுச் செய்தால், அது எண்ணாக ஏற்கப்படாது. அங்கே புள்ளி திகதியைப் பிரிக்கும் குறி. எனவே கணனி அதனை மே மாதம் 2 ஆம் திகதி என்று எடுத்துக்கொள்ளும். எக்செல் எந்தத் திகதியையும் உள்ளே நாட்களின் எண்ணிக்கையாகவே வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1 என்றால் 1. அப்படி எண்ணி வந்தால் 2025 மே 2 என்பது 45,779. ஆகவே அந்தக் காணி நிரலைக் கூட்டினால், இரண்டரை ஏக்கர் கமக்காரரின் பெயரில் நாற்பத்தையாயிரம் ஏக்கருக்கு மேல் சேர்ந்திருக்கும்.

திகதி: மிகவும் ஆபத்தான இடம்

நாம் நாள், மாதம், ஆண்டு என்ற ஒழுங்கில் எழுதுகிறோம். ஐக்கிய அமெரிக்காவில் மாதம் முதலில் வரும். விற்பனைக்கு வரும் கணனிகள் பலவற்றில் அமெரிக்க அமைப்பே ஏற்கனவே பதிந்திருக்கும். அதை மாற்றாமல் வேலை தொடங்கினால் என்ன நடக்கும்?

12/05/2024 என்று, 2024 மே 12 ஐ நினைத்து எழுதுகிறீர்கள். கணனி அதனை டிசம்பர் 5 என்று வைத்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையில் 207 நாட்கள். பிழைச் செய்தி எதுவும் வராது. 13/05/2024 என்று எழுதினால் பதின்மூன்றாம் மாதம் இல்லாத காரணத்தால் கணனி அதைத் திகதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாக விட்டுவிடும். ஆகவே ஒவ்வொரு மாதத்திலும் 1 முதல் 12 வரையான திகதிகள் இரகசியமாக மாறும். நாளும் மாதமும் ஒரே எண்ணாக இருந்தால் மட்டும் தப்பும். 13 முதல் 31 வரையானவை எழுத்தாக நிற்கும்.

காணி விடயத்தில் இது எவ்வளவு பாரதூரமானது என்பதற்கு ஓர் உதாரணம். யுத்த காலத்தில் நீதிமன்றம் போக முடியாதவர்களின் காணி உரிமை கால எல்லையால் பறிபோகாமல் இருக்க, 2016 இன் 5 ஆம் இலக்கச் சட்டம் விசேட ஏற்பாடு செய்தது. அது கணக்கில் எடுத்த காலப்பகுதி 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை, அதாவது இரண்டுக்கும் இடையில் 9,514 நாட்கள். இந்த இரண்டு திகதிகளையும் எமது வழக்கப்படி 01/05/1983, 18/05/2009 என்று அமெரிக்க அமைப்பிலுள்ள கணனியில் எழுதிக் கழித்துப் பாருங்கள். முதலாவது, 1983 ஜனவரி 5 ஆக மாறிவிடும். இரண்டாவது எழுத்தாக நிற்கும். கழித்தல் "#வலியூ!" என்ற பிழையைக் காட்டும். பலர் அந்தப் பிழையைக் கண்டதும் இரண்டாவது திகதியை மட்டும் 05/18/2009 என்று மாற்றுவார்கள். பிழைச் செய்தி போய்விடும். ஆனால் விடை 9,630 என்று வரும். முதலாவது திகதியின் பிழை உள்ளேயே இருக்கிறது. 116 நாட்கள் கூடுதலாகச் சேர்ந்துவிட்டன.

காணிப் பட்டியல்கள் பெரும்பாலும் அவசரத்தில் தயாரிக்கப்படுகின்றன. 2025 மார்ச் 28 திகதியிட்ட வர்த்தமானி அறிவித்தல், வடக்கில் குறிப்பிட்ட காணிகளுக்கு உரிமை கோருவோருக்கு மூன்று மாத அவகாசமே கொடுத்தது. எதிர்ப்புகளின் பின்னர் அது மீளப்பெறப்பட்டது. இப்படியான நெருக்கடியில் உறுதியின் திகதியோ பிறந்த திகதியோ பிழைத்துப்போனால், அலுவலகத்தில் ஒரு தடவை திருப்பி அனுப்பப்பட்டாலே போதும், அவகாசம் கடந்துவிடும்.

சூத்திரம் ஏன் மறுக்கப்படுகிறது?

சூத்திரம் என்பது கணனிக்கு நாம் கொடுக்கும் கணக்குக் கட்டளை. அதனுள் ஒரு பகுதியையும் அடுத்த பகுதியையும் பிரிக்க ஒரு குறி வேண்டும். எமது அமைப்பில் அந்தக் குறி கொமா. கொமாவைத் தசமத்துக்குப் பயன்படுத்தும் நாடுகளில் அதே கொமாவைப் பிரிப்பதற்கும் வைக்க முடியாது. எனவே அங்கே அரைப்புள்ளி வரும்.

ஐந்து வீதச் சேமிப்பைச் சதம் வரை கணக்கிடும் கட்டளை எமது கணனியில் இப்படி இருக்கும்: =ரவுண்ட்(பி2*0.05,2). ஜெர்மனி அமைப்பில் இப்படி இருக்க வேண்டும்: =ரவுண்ட்(பி2*0,05;2). ஒன்றை மற்றக் கணனியில் தட்டச்சுச் செய்தால் எக்செல் ஏற்காது. இது சத்தமிடும் பிழை. சத்தமிடாத பிழையும் உண்டு. =சம்(2,5) என்று எமது கணனியில் எழுதினால் இரண்டும் ஐந்தும் கூடி 7 வரும். ஜெர்மனி அமைப்பில் அது இரண்டரை என்ற ஒரே எண். விடை 2,5.

இங்கே இரண்டு விடயங்களைப் பிரித்து விளங்கிக்கொள்ள வேண்டும். பிரிக்கும் குறிகள் கணனியின் பிரதேச அமைப்பைப் பொறுத்தவை. கட்டளைகளின் பெயர்கள் எக்செல் எந்த மொழியில் நிறுவப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தவை. ஜெர்மன் மொழி எக்செலில் "சம்" என்பது "சும்ம" ஆகிறது, பிரெஞ்சில் "சொம்" ஆகிறது. அந்தப் பெயரை எமது கணனியில் தட்டச்சுச் செய்தால் "#நேம்?" என்று வரும். இந்தப் பெயரை நான் அறியேன் என்று கணனி சொல்வதே அதன் பொருள்.

எக்செல் கோப்பையே முழுமையாக அனுப்பினால், பெறுபவரின் கணனி குறிகளையும் பெயர்களையும் தானே மாற்றிக்கொள்ளும். எண்ணாகப் பதிந்தது எண்ணாகவே போய்ச் சேரும். சிக்கல் வருவது வேறு வழிகளில்: வட்ஸ்அப் செய்தியில் எழுதிய தொகை, மின்னஞ்சலில் இருந்து பிரதி எடுத்து ஒட்டிய நிரல், கொமாவால் பிரிக்கப்பட்ட சாதாரண எழுத்துக் கோப்பு, கடிதத்தில் எழுதி அனுப்பிய சூத்திரம். சூத்திரத்தில் மேற்கோள் குறிக்குள் இருப்பவையும் தானாக மாறுவதில்லை. சுருங்கச் சொன்னால், கோப்பு பயணம் செய்யும், வெறும் எழுத்து பயணம் செய்யாது.

பிழையை இனங்காணும் வழிகள்

1. வலமா இடமா என்று பாருங்கள். நாமாக மாற்றாதவரை எக்செல் எண்ணையும் திகதியையும் பெட்டியின் வலப்பக்கம் நிறுத்தும், எழுத்தை இடப்பக்கம் நிறுத்தும். திகதி நிரலில் சில வலமாகவும் சில இடமாகவும் நின்றால் அங்கே நாளும் மாதமும் மாறியிருக்கிறது என்று சந்தேகியுங்கள். இடப்பக்கம் நிற்பவற்றை மட்டும் திருத்தினால் போதாது. வலப்பக்கம் ஒழுங்காக நிற்பவைதான் இரகசியமாகப் பிழைத்தவை.

2. எண்ணிப் பாருங்கள். "கவுண்ட்" என்ற கட்டளை எண்களை மட்டும் எண்ணும். "கவுண்ட்ஏ" வெறுமையாக இல்லாத எல்லாப் பெட்டிகளையும் எண்ணும். தொகை நிரலில் இரண்டும் சமமாக இல்லாவிட்டால், சில தொகைகள் எழுத்தாக நிற்கின்றன. இது மிக முக்கியம். ஏனெனில் "சம்" என்ற கூட்டல் கட்டளை எழுத்தாக நிற்பவற்றைச் சொல்லாமல் விட்டுவிடும். 500, 1’500, 250 என்ற மூன்று தொகைகளை ஒட்டினால், நடுவிலுள்ள சுவிஸ் முறைத் தொகையை எமது கணனி எழுத்தாகக் கொள்ளும். கூட்டுத்தொகை 2,250 வருவதற்குப் பதிலாக 750 என்று வரும்.

3. பிறந்த திகதியைத் தேசிய அடையாள அட்டையுடன் ஒப்பிடுங்கள். எமது அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த ஆண்டும், அந்த ஆண்டில் எத்தனையாவது நாள் என்பதும் இருக்கின்றன. நாட்களை எண்ணும்போது பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாட்கள் எனக் கொள்ள வேண்டும். பெண்களுக்கு அந்த எண்ணுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். மே 12 இல் பிறந்த ஆணுக்கு 133, பெண்ணுக்கு 633. டிசம்பர் 5 ஆக இருந்தால் 340 அல்லது 840. பட்டியலில் எது சரி என்பதை இந்த மூன்று இலக்கங்களே சொல்லிவிடும்.

4. "#####" என்று வந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் நிரல் ஒடுக்கமாக இருப்பதே காரணம். அகலமாக்கினால் தெரியும். அகலமாக்கியும் மறையாவிட்டால், பிந்திய திகதியை முந்தியதில் இருந்து கழித்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

திருத்தும் வழிகள்

விண்டோஸ் கணனியில் செற்றிங்ஸ் பகுதியில் நேரமும் மொழியும் பற்றிய இடத்துக்குப் போனால், றீஜியனல் போமற் என்ற தெரிவு இருக்கும். அங்கே ஆங்கிலம், ஐக்கிய இராச்சியம் என்பதைத் தெரிந்தால் நாள் முதலில் வரும், தசமத்துக்குப் புள்ளி வரும், சூத்திரத்தில் கொமா வரும். இது எமது வழக்கத்துக்குப் பொருந்தும். மாற்றியபின் எக்செலை மூடித் திறக்க வேண்டும். கூகிள் ஷீட்ஸ் பாவிப்பவர்களுக்கு இந்த அமைப்பு கணனியில் இல்லை, கோப்பின் செற்றிங்ஸில் லொகேல் என்ற பெயரில் இருக்கிறது. இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸில் அதன் ஒப்ஷன்ஸ் பகுதியில் மொழி பற்றிய இடத்தில் இருக்கிறது.

கணனி நிலையத்தில் அல்லது வேறொருவர் வீட்டில் வேலை செய்கிறீர்களா? அந்தக் கணனியின் அமைப்பைச் சொல்லாமல் மாற்றாதீர்கள். உங்கள் கணக்கைச் சரிசெய்யப்போய் அவர்களின் கணக்கைக் குழப்பிவிடலாம்.

அமைப்பை மாற்றாமலே எழுத்தாக நிற்பவற்றைத் திருத்த ஒரு வழி உண்டு. அந்த நிரலைத் தெரிவுசெய்து, டேட்டா பகுதியில் "டெக்ஸ்ட் டு கொலம்ஸ்" என்பதை அழுத்துங்கள். மூன்றாவது படியில், வந்திருக்கும் திகதி எந்த ஒழுங்கில் எழுதப்பட்டது என்று கேட்கும். நாள், மாதம், ஆண்டு என்பதைத் தெரிவுசெய்யுங்கள். அதே இடத்தில் அட்வான்ஸ்ட் என்ற பொத்தானை அழுத்தினால், தசமத்துக்கும் ஆயிரத்துக்கும் எந்தக் குறி பயன்பட்டது என்று சொல்லலாம்.

ஒன்றை மட்டும் மறந்துவிடக் கூடாது. ஏற்கனவே பிழையான திகதியாக உள்ளே போனது, அமைப்பை மாற்றுவதால் சரியாகாது. டிசம்பர் 5 ஆகப் பதிந்தது டிசம்பர் 5 ஆகவே இருக்கும், காட்டும் முறைதான் மாறும். மூலப் பட்டியலில் இருந்து மறுபடியும் பதிவதே சரியான வழி. ஆகவே வந்த மூலப் பட்டியலை ஒருபோதும் அழிக்காதீர்கள்.

வருமுன் காக்க

இந்தப் பிழை எமக்கு மட்டும் உரியதல்ல. சில மரபணுக்களின் சுருக்கப் பெயர்களை எக்செல் மார்ச், செப்டெம்பர் மாதத் திகதிகளாக மாற்றிவிடுகிறது என்பதை விஞ்ஞானிகள் கண்டார்கள். எக்செலில் மரபணுப் பட்டியல் இணைத்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இத்தகைய பிழை இருந்ததாக 2016 இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. பின்னர் அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்ற வேண்டி வந்தது. ஆய்வுகூடங்களுக்கே இந்த நிலையென்றால், கடன்வாங்கிய கணனியில் ஊர்க் கணக்கு எழுதும் நாம் முன்கூட்டியே சில ஒழுங்குகளைப் பேசி வைத்துக்கொள்வது நல்லது.

முதலாவது, திகதியை ஆண்டு, மாதம், நாள் என்ற ஒழுங்கில் எழுதுங்கள்: 2024-05-12. 1988 இல் வெளியான சர்வதேச நியமமும் இந்த ஒழுங்கையே கொள்கிறது. எந்த நாட்டு அமைப்பிலும் இதில் நாளும் மாதமும் இடம்மாறுவது அரிது. அல்லது ஆண்டுக்கு ஒரு நிரல், மாதத்துக்கு ஒரு நிரல், நாளுக்கு ஒரு நிரல் என்று பிரித்து எழுதுங்கள்.

இரண்டாவது, தொகையை ஆயிரம் பிரிக்கும் குறி இல்லாமல் முழு எண்ணாக எழுதுங்கள்: 1250. எந்த நாட்டுப் பணம் என்பதை அடுத்த நிரலில் எழுதுங்கள்.

மூன்றாவது, காணி அளவைத் தசமம் வராத அலகில் எழுதுங்கள். 2.5 ஏக்கர் என்பது 400 பேர்ச்சஸ். யாழ்ப்பாணக் கணக்கில் 40 பரப்பு. முழு எண்ணுக்குப் புள்ளியும் வேண்டாம், கொமாவும் வேண்டாம்.

நான்காவது, செய்தியாகவோ பிரதி எடுத்தோ அனுப்பாமல் எக்செல் கோப்பாகவே அனுப்பும்படி வெளிநாட்டு உறவுகளிடம் கேளுங்கள். எழுத்தாகத்தான் அனுப்ப வேண்டுமென்றால், முதல் வரியைச் சோதனை வரியாக வைக்கட்டும்: 1250, 2.5 என்ற இரண்டு எண்கள். பெறுபவர் அவற்றை ஒட்டிப் பெருக்கிப் பார்க்க வேண்டும். 3125 வந்தால் மட்டும் மேலே தொடரலாம்.

ஐந்தாவது, சங்கத்தின் கைப்பட்ட பற்றுவரவுப் புத்தகத்தைக் கைவிடாதீர்கள். மாதம் ஒரு தடவை, இரண்டு பேர் சேர்ந்து, ஒருவர் புத்தகத்தை வாசிக்க மற்றவர் திரையைப் பார்க்க வேண்டும். கூட்டுத்தொகையை மட்டுமல்ல, எத்தனை பேர் என்ற எண்ணிக்கையையும் ஒப்பிட வேண்டும்.

பணம் குறைகிறது என்று ஒரு கூட்டத்தில் குரல் எழும்போது, அன்றைக்கே யாரையும் குற்றவாளி ஆக்காதீர்கள். முதலில் அந்தத் தாளைத் திறந்து, எண்கள் வலப்பக்கம் நிற்கின்றனவா என்று பாருங்கள். "கவுண்ட்" எத்தனை, "கவுண்ட்ஏ" எத்தனை என்று பாருங்கள். பட்டியல் எந்த நாட்டில் இருந்து, எந்த வடிவில் வந்தது என்று கேளுங்கள். பத்து நிமிட வேலை இது. ஊரையும் வயலையும் விட்டுவந்த எமக்கு ஒருவர்மேல் ஒருவர் வைத்திருக்கும் நம்பிக்கையே மிஞ்சியிருக்கும் முதல். ஒரு கொமாவுக்காக அதை இழந்துவிடக் கூடாது.